தாருக்கு 285 டயர் போடலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: "2022 மாடல் மஹிந்திரா தார் வைத்திருக்கிறேன், டீசல், எல்எக்ஸ் ஹார்ட்டாப். தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம். வாரத்தில் இரண்டு நாள் வத்தலக்குண்டிலிருந்து மலையேற வேண்டும். கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வண்டி வழுக்குகிறது, பின் ஆக்ஸில் கல்லில் இடிக்கிறது. 285/65 ஆர்18 மட் டயர் போட்டு இரண்டு அங்குலம் லிஃப்ட் பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் டயர் கடைக்காரர். மைலேஜ் எவ்வளவு அடிபடும்? ஆர்டிஓ தொல்லை வருமா? போடலாமா, வேண்டாமா?"

வேண்டாம். 255/70 ஆர்18 அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் (ரோடு, மண் இரண்டுக்கும் பொதுவானது) ஐந்து வாங்குங்கள், காற்று அடிக்கிற சின்ன கம்ப்ரெஸர் ஒன்றை வண்டியில் போட்டுவையுங்கள், லிஃப்ட் கிட்டுக்கு ஒதுக்கிய பணம் உங்களிடமே இருக்கட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதைப் படித்த பிறகும் 285தான் வேண்டும் என்றால் அதை ஒழுங்காகப் போடும் வழியையும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் என்ன சொன்னாலும் போடத்தான் போகிறார்கள்.

நீங்கள் சொல்லியிருப்பது இரண்டு தனித்தனிக் குறைகள். வழுக்குவது டயரின் பட்டனும் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) காற்றும் சம்பந்தப்பட்டது. ஆக்ஸில் இடிப்பது உயரம் சம்பந்தப்பட்டது. கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய டயரைக் காட்டிவிட்டார். அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் அதில் உங்களுக்குக் கிடைப்பது என்ன, நீங்கள் கொடுப்பது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

கணக்கு எளிதுதான். இப்போது உங்கள் வண்டியில் இருப்பது 255/65 ஆர்18. அகலம் 255 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். சைடுவால் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு முறை வரும், அதோடு ரிம்மின் 457 மில்லிமீட்டரைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். இதே மாதிரி 285/65 ஆர்18-க்குப் போட்டால் 828 வருகிறது. வித்தியாசம் 39 மில்லிமீட்டர். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஏனென்றால் ஆக்ஸில் இருப்பது டயரின் நடுவில். ஆக, இத்தனை செலவுக்கும் ஆக்ஸிலுக்குக் கீழே உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். ஒரு கட்டைவிரல் அகலம். நான் சொல்லும் 255/70 ஆர்18-இன் விட்டம் 814, அதில் கூடுவது ஒன்றேகால் சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவில் முக்கால் சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அந்த முக்கால் சென்டிமீட்டருக்காகத்தான் மற்ற எல்லாத் தலைவலியும்.

"சரி, அதற்குத்தானே லிஃப்ட்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். லிஃப்ட் கிட் தூக்குவது பாடியை, ஆக்ஸிலை அல்ல. தாரில் பின்பக்கம் இருப்பது முழு நீள ஆக்ஸில், அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் அப்படியே கிடக்கிறது, அதன் டிஃபரென்ஷியல் குண்டுதான் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைக் கூடு) பின்னால் மிகத் தாழ்வான இடம். நீங்கள் ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் நான்கு அங்குலம் உயர்த்தினாலும் அந்தக் குண்டு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட நகராது, அதை உயர்த்த ஒரே வழி டயர்தான். உங்கள் கல் இடிப்பது அங்கே என்பதால் லிஃப்ட் உங்கள் குறைக்கு மருந்தே இல்லை. முன்பக்கம் தனித்தனி விஷ்போன் சஸ்பென்ஷன், அங்கே ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் நிற்கும் கோணம் கூடுகிறது, அந்த ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டும் அதன் ரப்பர் உறையும் சீக்கிரம் போகும், கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், கெட்டு முன் டயர் ஒருபக்கமாகத் தேயும். உயரமான வண்டி இன்னும் உயரமானால் கொண்டை ஊசி வளைவில் எப்படிச் சாயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாரின் ஹார்ட்டாப்பில் முன் அணுகு கோணம் கம்பெனி கணக்கிலேயே 41.8 டிகிரி, கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர். தோட்டப் பாதைக்கு இது போதவில்லை என்றால் பாதையில் ஒரு லோடு கப்பி கொட்டுவது மலிவு, கிண்டலாகச் சொல்லவில்லை.

இடிக்கிற கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டிக்கடியில் குனிந்து டிஃபரென்ஷியல் குண்டு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கல் வந்தால் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடாதீர்கள், ஒரு சக்கரத்தை அதன் மேலேயே மெதுவாக ஏற்றுங்கள். சக்கரம் ஏறினால் ஆக்ஸிலும் சேர்ந்து ஏறுகிறது. நடுவில் விட்டால் பாதிக் கல்லுக்குக்கூட இடம் இருக்காது. பழக்கத்தால் எல்லோரும் கல்லை நடுவில்தான் விடுவார்கள், தார் ரோட்டில் குழிக்கு ஒதுங்கி ஓட்டிய கை அப்படித்தான் போகும்.

இனி வழுக்கல். மழைக்காலத்தில் மண் பாதையில் இறங்கும்போது டயரில் காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? எழுதவில்லை, அதனால் ரோட்டில் ஓட்டும் அதே அளவுதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் நான்கு டயரிலும் 20 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள். தரையைத் தொடும் பகுதி அகலத்தில் அவ்வளவாகக் கூடாது, நீளத்தில் கூடும். பட்டன்கள் கல்லையும் வேரையும் சுற்றி வளைந்து பிடிக்கும், வண்டி குதிப்பதும் அடங்கும். புதிய டயர் வாங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை செய்து பார்த்தால் உங்கள் பிரச்சினையில் எத்தனை பங்கு டயருடையது, எத்தனை பங்கு காற்றுடையது என்று தெரிந்துவிடும். காற்று இறக்கிய வண்டியை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. கூர்மையான கல் நிறைய இருக்கிற இடத்தில் 22 அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள், காற்று குறைந்தால் சைடுவால் வெளியே பிதுங்கும், அதில் வெட்டு விழுந்தால் பஞ்சர் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. திரும்பவும் ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பியே ஆக வேண்டும், அதற்குத்தான் கம்ப்ரெஸர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்னதைவிட, பேட்டரியில் நேரடியாக கிளிப் போடும் வகை நல்லது. இந்த அளவு டயருக்கு மற்றது நின்று நின்று சூடாகிவிடும்.

அப்புறம் பட்டன். மட் டயரில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அகலம், சேறு ஒட்டினாலும் சக்கரம் சுற்றும்போது உதறிவிடும். களிமண்ணில் ஆல்-டெரெய்ன் டயர் சீக்கிரம் அடைத்துக்கொண்டு மொழுமொழுவென்று ஆகிவிடும், அதை மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் ஓட்டும் தூரத்தில் பெரும்பங்கு வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, மலைப்பாதை என்று முழுக்கத் தார் ரோடு, அதுவும் மழைக்காலத்தில் நனைந்த ரோடு. மட் டயரில் தரையைத் தொடும் ரப்பரே குறைவு, தண்ணீர்ப் படலத்தை வெட்டும் மெல்லிய கீறல்களும் குறைவு. ஈரமான வளைவில் பிரேக் போடும்போது அது நன்றாகவே தெரியும். இரைச்சல் வேறு. மூன்று கிலோமீட்டர் சேற்றுக்காக மலை முழுக்க மோசமான பிரேக்கோடு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் பாதை வெறும் வழுக்கல் அல்ல, முழங்கால் ஆழச் சேறு என்றால் என் பதில் மாறும், ஆனால் அப்போதும் 285 என்று சொல்ல மாட்டேன்: இப்போதுள்ள 255/65 அளவிலேயே மட் டயர் போடுங்கள் என்பேன். அளவும் பட்டனும் வேறு வேறு கேள்வி. அகலமும் அப்படித்தான். மேலே சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள பாதையில், அகலம் குறைந்த டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதக்கும், மணலுக்கு அது நல்லது. 255/70 அகலத்தைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் கூட்டுவதால்தான் அதைச் சொல்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது: ரிம்மைச் சிறிதாக்குவது. தாரின் ஏஎக்ஸ் வேரியண்ட் 245/75 ஆர்16 டயரோடு வந்தது. 16 அங்குல ரிம்மில் 265/75 போட்டால் விட்டம் 804, உங்கள் டயரைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் சைடுவால் 166 மில்லிமீட்டரிலிருந்து 199 ஆகிவிடும். காற்று இறக்கி ஓட்ட அந்த உயரமான சைடுவால்தான் வேண்டும், கல்லில் ரிம் அடிபடுவதும் குறையும். பார்க்க அவ்வளவு பகட்டாக இருக்காது, அதனாலேயே யாரும் போடுவதில்லை. ஐந்து ரிம் வாங்கும் செலவு சேர்கிறது, ரிம்முக்கும் பிரேக் காலிப்பருக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று உங்கள் வண்டியிலேயே ஒரு ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

சரி, 285தான் வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் ரிம்மின் உள்பக்கம் அச்சிட்டிருக்கும் அகலத்தைப் பாருங்கள். 285/65 ஆர்18-க்கு டயர் கம்பெனிகள் கேட்பது குறைந்தது 8 அங்குல அகல ரிம். அதைவிடக் குறைந்த ரிம்மில் ஏற்றினால் டயர் நடுவில் உப்பி நிற்கும், நடுப்பட்டன் மட்டும் தேயும். இருக்கிற ரிம்முக்கே ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளிக் கொடுக்கிறேன் என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். சக்கரம் வெளியே போகப் போக பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் குழியில் கையைப் பிடுங்கும், வீல் ஆர்ச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும் டயர் வண்டியின் பக்கம் முழுக்கச் சேற்றை வாரி இறைக்கும்.

உரசலை எப்படிப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று ஒடித்துக் காட்டி, "பாருங்க சார், எங்கயும் படல" என்பார்கள். அது சோதனையே இல்லை. ஒரு புது டயரை முன்னால் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். அந்தச் சக்கரத்தை ஓரடி உயரத் திட்டில் ஏற்றி நிறுத்துங்கள், ஸ்பிரிங் நன்றாக அமுங்க வேண்டும். என்ஜினை நிறுத்தாமல் ஸ்டியரிங்கை முழுசாக ஒருபக்கம் ஒடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் முன் பம்பரின் பின் ஓரம், வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர், அதற்குப் பின்னால் பாடித் தகடுகள் சேர்கிற விளிம்பு, உள்பக்கம் கீழ் ஆர்ம். ஒரு விரல் நுழைகிற இடைவெளி எல்லா இடத்திலும் இருந்தால் பரவாயில்லை. அரை விரல்தான் என்றால் சேறு அப்பியதும் உரசும். பிறகு மறுபக்கம் ஒடித்துப் பாருங்கள், வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தும் பாருங்கள், சில வண்டி முன்னால் போகும்போது உரசாது, பின்னால் வரும்போதுதான் உரசும். மட் டயரின் தோள்பட்டையில் இருக்கும் முரட்டுப் பட்டன்கள் லைனரைப் பிடித்தால் உரசலோடு நிற்காது, கிளிப்போடு பிய்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். லைனரைச் சூடுபண்ணி வளைப்பது, கொஞ்சம் வெட்டுவது எல்லாம் நடைமுறையில் செய்கிறார்கள். தகடு விளிம்பைச் சுத்தியலால் மடக்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், பெயிண்ட் வெடித்து அடுத்த மழையில் துரு தொடங்கிவிடும்.

ஐந்தாவது டயரை மறந்துவிடாதீர்கள். நான்கு பெரிசு, ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு என்று ஓட்டுகிறவர்கள் ஏராளம். ரோட்டில் பஞ்சர் ஆனால் அதை மாட்டி மெதுவாக வீடு வந்து சேரலாம். ஆனால் மண் பாதையில் பஞ்சர் ஆகி அதை மாட்டிக்கொண்டு 4எச், அதாவது நான்கு சக்கர இழுவை, போட்டால், ஐந்து சதவீதம் சின்னச் சக்கரம் ஒன்று வேறு வேகத்தில் சுற்றும், அந்த முறுக்கை டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும் வாங்கும். எனவே ஐந்தும் ஒரே அளவு, ஒரே மாடல். அப்படி வாங்கினால் தாரில் ஸ்டெப்னி தொங்குவது பின் கதவில், கனமான சக்கரத்தின் எடை முழுவதும் கதவின் கீல்களில்தான். மாட்டிய பிறகு கதவைத் திறந்து மூடி, டயர் பம்பரில் படுகிறதா, கதவு தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ் கேட்டிருந்தீர்கள். குறையும், ஆனால் மீட்டர் காட்டுவதைவிடக் குறைவாகவே குறையும். டயர் பெரிதானதும் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 285 போட்டால் மீட்டரில் 100 கிலோமீட்டர் ஓடியிருந்தால் உண்மையில் சுமார் 105 ஓடியிருக்கும். 255/70 என்றால் 103. டேங்க் நிரப்பி மைலேஜ் பார்க்கும்போது இதைப் பெருக்கிக்கொள்ளாமல் "ஒரேயடியாக விழுந்துவிட்டது" என்று பதறுவார்கள். ஸ்பீடோமீட்டரும் இப்படியே: 80 காட்டும்போது ஏறத்தாழ 84. பொதுவாக ஸ்பீடோமீட்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து உங்கள் வண்டியின் உண்மையான வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைலேஜைவிட எனக்குக் கவலை தருவது இழுவையும் பிரேக்கும். சக்கரம் ஐந்து சதவீதம் பெரிதானால் எல்லா கியரும் ஐந்து சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஏற்றத்தில் முன்பு இரண்டாவதில் போன இடத்தில் முதலாவது கேட்கும். இறக்கத்தில் என்ஜின் பிரேக் பிடிக்கும் அளவும் அதே விகிதத்தில் குறையும், அதே பெடல் அழுத்தத்துக்குக் கிடைக்கும் பிரேக்கும் குறையும், போதாததற்கு மட் டயரின் எடை வேறு. ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ கூடுகிறது, அது சுற்றுகிற எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை. கடையில் தராசு இருந்தால் பழையதையும் புதியதையும் ரிம்மோடு வைத்துப் பாருங்கள், பலருக்கு அங்கேயே ஆசை பாதி இறங்கிவிடும்.

ஆர்டிஓ விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். லிஃப்ட், வெளியே நீட்டிய சக்கரம் இரண்டும் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கேரள எல்லையைத் தாண்டுகிற பழக்கம் இருந்தால் இன்னும் யோசியுங்கள், அங்கே மாற்றியமைத்த வண்டிகள் மேல் கெடுபிடி அதிகம். எனக்கு அபராதத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது இன்சூரன்ஸ்: சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி க்ளெய்மில் தகராறு செய்ய அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. இந்தக் கணக்கில் 255/70-உம் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன், அதுவும் கம்பெனி கொடுத்த அளவு இல்லை. உங்களுக்குச் சட்டம் பற்றி ஒரு சொட்டுக் கவலையும் கூடாது என்றால் 255/65-இலேயே நல்ல ஆல்-டெரெய்ன் போட்டுவிட்டு, ஆக்ஸில் இடிக்கும் பிரச்சினையை ஓட்டும் முறையாலும் கப்பியாலும் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றமானாலும் போடுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள், வாரண்டி மிச்சம் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள்.

வாங்கும்போது சைடுவாலில் இரண்டு விஷயம் படியுங்கள். லோட் இன்டெக்ஸ் எண் பழைய டயரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது, 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும், 111 என்றால் 1,090. அடுத்தது நான்கு இலக்கத் தேதி: 3223 என்று இருந்தால் 2023-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் தயாரானது. அதிகம் விற்காத அளவுகள் கடையில் வருடக்கணக்கில் கிடக்கும், 255/70-க்கும் அந்த ஆபத்து உண்டு, அதனால் டயர் வந்து இறங்கியதும் ஐந்திலும் தேதியைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். டயர் பிரஷர் சென்சார் இருக்கும் வண்டியில் டயரைக் கழற்றும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவசரத்தில் கம்பி போட்டு நெம்பினால் சென்சார் உடையும்.

மாட்டியதும் அலைன்மென்ட், பேலன்சிங். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கிப் பாருங்கள். காற்று எவ்வளவு வைப்பது என்பதற்குக் கதவோரத்து ஸ்டிக்கர் இனி அப்படியே பொருந்தாது, குறிப்பாக லாரி வகை, அதாவது அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்ட டயர் வாங்கினால் கூடுதல் காற்று கேட்கும். ஸ்டிக்கர் அளவில் தொடங்கி, ஒரு சாக்பீஸை எடுத்து பட்டன்களின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போடுங்கள். நேரான தார் ரோட்டில் ஐம்பது மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரத்திலும் அழிந்து நடுவில் வெள்ளை மிச்சமிருந்தால் குறைவு. ஒரே சீராக அழியும் வரை இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக மாற்றிப் பாருங்கள். முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், டீசல் என்ஜின் எடையால் முன்பக்கம் வேறு கேட்கும். பின்னால் உர மூட்டை ஏற்றுகிற நாளில் இந்தக் கணக்கு செல்லாது, அன்றைக்குப் பின் டயரில் கூட்டி வையுங்கள். பழைய டயரில் பட்டன் பாதிக்கு மேல் இருந்தால் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்கும் விலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், தாருக்கான ஒரிஜினல் அளவைத் தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், வெளியில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.